நடுவில் நிற்கும் நிலம்

கோபர்நிகஸ் 1543இல் கதிரவனை நடுவில் வைத்த வரலாறு நம் அன்பர்கள் அறிந்ததே; அதை விடுத்து, அதன் பின்னும் கணக்கில் பூமி நடுவிடத்தை இழக்கவில்லை என்பதையே சொல்ல விழைகிறேன்.

முதலில் நம் பழைய மரபு. புறநானூற்றின் 30ஆம் பாட்டு என் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஞாயிற்றின் வழியையும் இயக்கத்தையும் வெற்று வானத்தையும் நேரில் போய் அளந்தவர்போல உரைப்போர் உண்டு என்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். நிலத்தில் நின்றபடி வானை அளந்த மரபு அத்தனை தொன்மையானது. கி.பி. 499இல் ஆரியபடர் பூமியை விண்மீன் கூட்டின் நடுவில் வைத்தார்; அது தானே சுழல்கிறது என்றும் துணிந்துரைத்தார். கேரளத்து நீலகண்ட சோமயாஜி ஐந்து கோள்களைக் கதிரவனைச் சுற்ற வைத்து, அக்கதிரவனைப் பூமியைச் சுற்ற வைத்தார். இதை ஒத்த அமைப்பை ஐரோப்பிய வானியலார் டைகோ பிராகி வெளியிட்டது அவருக்குப் பின், 1588இல்தான்.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் புதுச்சேரியின் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் காண்கிறோம். ஏடில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைக் குறிக்கும் மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. கிரகணம் காண்பவன் நிற்பது பூமியில். ஆகவே பூமியை நடுவாகக் கொண்ட கணக்கே அவருக்குக் கைகொடுத்தது. அப்பெரியாரை எண்ணும்போதெல்லாம் என் கைகள் தாமே குவிகின்றன.

மாலுமிகளும் அப்படியே. பூமியைச் சூழ்ந்த கோளமாக வானைக் கொண்டுதான் விண்மீன் பார்த்து வழி கண்டார்கள். அவர்கள் எண்ணும் கடல் மைல், பூமி வட்டத்தில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; 1,852 மீட்டர். இன்றைய ஜிபிஎஸ் அளவைக்கும் தொடக்கப் புள்ளி பூமியின் நிறை மையமே.

அறத்திலும் நம் முன்னோர் நிலத்தையே நடுவில் வைத்தனர். பொறையுடைமையின் முதற்குறளில் வள்ளுவர் காட்டும் சான்று, தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலம். புறநானூறு 187இல் ஔவையாரோ நிலத்தையே விளித்து, அதன் நன்மை அங்கு வாழும் ஆடவரின் நன்மையே என்கிறார். தாங்குவது நிலத்தின் இயல்பு. அதை நல்லதாக்கும் கடன் மனிதனுடையது. ஆசிரியப் பெருமக்களே, கோள்களின் பாடம் நடத்தும் வாரத்திலேயே இவ்விரு பாடல்களையும் மாணவர்க்குச் சேர்த்துக் கற்பியுங்கள்.