ஆல்பா என்னும் பலபொருள் ஒருசொல்: விளையாட்டு மாதிரிகளும் வரைகலை மென்பொருள்களும்

சென்ற மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் கணினி விளையாட்டு வடிவமைப்பு பயிலும் மாணவர் ஒருவர் மடிக்கணினியுடன் வந்தார். ஐதராபாத்தில் தமிழ் பேசுவோர் ஒருவரையொருவர் எளிதில் கண்டுகொள்வோம். பழக்கம் அப்படி ஏற்பட்டது. தம் விளையாட்டில் வரும் சமையலறைக்கென ஒரு வெண்கலப் பானையை முப்பரிமாண மாதிரியாக உருவாக்கியிருந்தார். அதன் கரிபிடித்த அடிப்பாகத்தை மட்டும் இரண்டு வாரம் தீட்டியிருக்கிறார். கோப்பைச் சேமித்து மறுநாள் திறந்தபோது மேற்பாகத்தின் பளபளப்பு அப்படியே இருந்தது. கரி இருந்த இடம் முழுவதும் வெள்ளை. “அக்கா, நான் எந்த சாஃப்ட்வேர்ல பண்ணியிருக்கணும்?” என்று கேட்டார்.

நான் கணினி வரைகலை பயின்றவள் அல்லள். மொழியியல் முதுகலைக்குப் பின் எழுத்துக் குறியாக்கங்களின் வரலாற்றை ஆய்ந்து வருகிறேன். ஆயினும் அந்தக் கேள்விக்குள் இருப்பது எனக்குப் பழகிய சிக்கல்தான் என்று பட்டது. ஒரு குறிக்கு இரண்டு பொருள். எழுதுபவர் ஒன்றைக் கருதுகிறார், படிக்கும் கருவி மற்றொன்றைக் கொள்கிறது.

நடந்தது இதுதான். ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களோடு ஆல்பா என்னும் நான்காம் எண்ணும் இருக்கலாம். யூனிட்டி போன்ற விளையாட்டு இயந்திரங்களில் அந்த நான்காம் இடத்தில் மேற்பரப்பின் வழவழப்பைக் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. கரி சொரசொரப்பானது; எனவே அங்கே சுழியம் இட்டார் மாணவர். அவருடைய வரைகலை மென்பொருளோ ஆல்பா சுழியம் என்றால் “இங்கே ஒன்றுமில்லை, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் இடம்” என்று கொண்டது. இல்லாத இடத்திற்கு நிறம் எதற்கென்று துடைத்துவிட்டது.

மென்பொருளைப் பிழை என்று சொல்லிவிடவும் முடியாது. படத்தை வளைந்த பரப்பின்மேல் போர்த்தும் முறை 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைக்கப்பட்டது. விளையாட்டு மாதிரிகளுக்குப் போர்த்தப்படும் டெக்ஸ்சர்கள் அனைத்தும் அதன் வழிவந்தவை. அதே கேட்மல், 1977 அளவில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்துடன் சேர்ந்து ஆல்பா சானலையும் உருவாக்கினார். இரண்டு படங்களைக் கலக்கும் சமன்பாட்டில் கலவை விகிதத்தைக் குறித்த கிரேக்க எழுத்தே பெயராயிற்று. நன்னூலார் வகைப்பாட்டில் சொன்னால், காரணத்தோடு பிறந்து இடுகுறியாகிவிட்ட பெயர். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய கட்டுரை அதற்குக் கணித இலக்கணம் வகுத்தது. நிறத்தை ஆல்பாவால் முன்கூட்டியே பெருக்கி வைக்கலாம் என்பது அதன் முக்கியக் கருத்து. எதையும் சுழியத்தால் பெருக்கினால் சுழியம். அந்த இலக்கணப்படி மாணவரின் கரிக்கு இருப்பே இல்லை.

டெக்ஸ்சரும் ஆல்பாவும் ஒருவரிடமே தொடங்கியும் பின்னாளில் மோதிக்கொண்டது ஏன்? விளையாட்டுத் துறையினர் படத்தைப் படமாக மட்டும் கருதவில்லை. அவர்களுக்கு அது எண்களின் அட்டவணை. இந்த வேறுபாடு ஆல்பாவுக்கும் முன்பே, 256 நிறங்களின் காலத்திலேயே வெளிப்பட்டது.

1985இல் அமிகா கணினிக்காக டான் சில்வா எழுதிய டீலக்ஸ் பெயிண்ட், அதன் பின்வந்த பதிப்புகள் வழியே தொண்ணூறுகளின் தொடக்கம்வரை விளையாட்டு ஓவியர்களின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக இருந்தது. அதில் ஓவியர் நிறத்தை நேரடியாகத் தீட்டுவதில்லை. வண்ணத்தட்டில் அந்த நிறம் இருக்கும் இடத்தின் எண்ணைத் தீட்டுகிறார். தட்டை மாற்றினால் அதே எண் வேறு நிறமாகும். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்புகளை எழுத்துரு மாற்றித் திறந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் காட்டிய காலத்தை நாமும் கடந்து வந்திருக்கிறோம்.

1996இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் விளையாட்டில் இது மேலும் நுட்பமாயிற்று. அதன் தட்டிலுள்ள 256 நிறங்களில் கடைசி 32 சிறப்பானவை. அவற்றின்மேல் ஒளியும் நிழலும் செல்லா. இருட்டறையிலும் தம் நிறத்தோடு எரியும். விளக்குகளுக்கும் தீப்பிழம்புக்கும் ஏற்ற ஏற்பாடு. வீரர்கள் தம் பாத்திரத்திற்குத் தாமே தோல் தீட்டிக்கொள்ளத் தொடங்கியபோது சிக்கல் வந்தது. பலரும் கையாண்டது ஜாஸ்க் நிறுவனம் ஷேர்வேராகப் பரப்பிய, மலிவான பெயிண்ட் ஷாப் புரோ. முழு நிறப் படத்தை 256க்குக் குறைக்கும்போது இத்தகைய மென்பொருள் கண்ணுக்கு மிக நெருங்கிய நிறத்தைத் தேடியது. அந்த நெருக்கம் சில வேளை கடைசி 32க்குள் விழுந்தது. பகலில் ஒழுங்காகத் தெரிந்த முகம் இருட்டில் கொள்ளிக்கட்டைப் பொறிபோலப் புள்ளி புள்ளியாக எரிந்தது. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள், இயந்திரத்துக்கு இரு வேறு பொருள்கள். இதை உணர்ந்தவர்கள் அந்த 32ஐ நீக்கிய தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்தனர். அழகான தூரிகைகளைவிட, தட்டின் எண்களைக் கலைக்காமல் காக்கும் மென்பொருளே அன்று விரும்பத்தக்கதாக இருந்தது.

நிற வரம்பு தளர்ந்தபின் ஃபோட்டோஷாப்பின் காலம். 1990இல் வெளிவந்த அந்த மென்பொருளில் 1994இன் மூன்றாம் பதிப்பு அடுக்குகளைக் கொண்டுவந்தது. துருவை ஓர் அடுக்கிலும் கீறலை ஒன்றிலும் வைத்துத் தனித்தனியே திருத்தலாம் என்பது டெக்ஸ்சர் ஓவியர்களுக்குப் பெரும் வசதி. அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று: அதில் ஆல்பாவைத் தனிச் சானலாகத் திறந்து, கறுப்பு வெள்ளைப் படமாகவே தீட்ட முடிந்தது. டார்கா கோப்பில் சேமித்தால் அது அப்படியே நான்காம் இடத்திற்குச் சென்றது.

2002இல் வந்த ஏழாம் பதிப்பு இதை மாற்றியது. டார்கா கோப்பைச் சேமிக்கும்போது தனிச் சானலை விட்டுவிட்டு, அடுக்கின் ஒளிபுகுதன்மையையே ஆல்பாவாக எழுதியது. போர்ட்டர், டஃப் இலக்கணத்திற்கு மிக அணுக்கமான திருத்தம். அச்சுக்கும் வலைக்கும் வடிவமைப்பவர்களுக்கு இயல்பான ஒன்று. விளையாட்டுத் துறையின் பணிமுறையோ உடைந்தது. அதே ஆண்டில் வந்த 7.0.1 திருத்தப் பதிப்பில் பழைய நடத்தை மீண்டது. மென்பொருள் வரலாற்றில் அடிக்குறிப்பளவுகூட இடம்பெறாத செய்தி இது. எனக்கோ மொழியியல் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க நிகழ்வு: இரு பேச்சுக் குழுக்கள் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன, அகராதி எழுதுபவர் ஒரு குழுவின் பொருளை மட்டும் பதிப்பித்துவிடுகிறார்.

அதன்பின் சானல்களின் பொருள் இன்னும் விலகிச் சென்றது. 2004இல் வந்த டூம் 3 பரவலாக அறிமுகப்படுத்திய நார்மல் மேப்பில் நிறம் என்பதே இல்லை. சிவப்பு இடவலச் சாய்வு, பச்சை மேல்கீழ்ச் சாய்வு, நீலம் பரப்பிலிருந்து வெளிநோக்கிய திசை. சமதளத்துக்கு 128, 128, 255. ஆகவேதான் அப்படங்கள் வெளிர்நீலமாகத் தெரிகின்றன. நிறத்தைச் செம்மைப்படுத்துகிறேன் என்று ஒரு மென்பொருள் அதில் கைவைத்தால் மேடு பள்ளங்கள் திரிந்துவிடும். பச்சைக்கும் இரு வழக்குகள்: யூனிட்டியில் மேல்நோக்கி, அன்ரியலில் கீழ்நோக்கி. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் இட்டால் ஆணியின் தலை குழியாகத் தெரியும். 2017இன் ஜிஎல்டிஎஃப் 2.0 தரவரையறையிலோ பச்சை சொரசொரப்பு, நீலம் உலோகத்தன்மை.

கட்டற்ற மென்பொருள் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெர்க்லியில் இரு மாணவர்கள் 1995இல் தொடங்கிய கிம்ப், ஆல்பாவைப் பெரும்பாலும் ஒளிபுகுதன்மையாகவே காண்கிறது. ஆயினும் பிஎன்ஜி ஏற்றுமதியில் மறைந்த புள்ளிகளின் நிறத்தையும் காக்கும் தெரிவு உண்டு. அழித்ததை மீட்கும் எதிர் அழிப்பானும் உண்டு. சானலுக்கு 8 பிட் என்ற வரம்பைத் தாண்ட அதற்கு 2018இன் 2.10 பதிப்புவரை ஆயிற்று. வழவழப்பான சாய்வுகளுக்கு அந்த வரம்பு பெரிய குறை. கிரிட்டா இச்சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. ஆல்பாவை அடுக்கிலிருந்து பிரித்து மறைப்புப் படமாக்கித் தீட்டிவிட்டு மீண்டும் ஆல்பாவாக எழுதும் வசதி அதில் இருக்கிறது. எழுதுகோலின் சாய்வைக் கொண்டே நார்மல் மேப் தீட்டும் தூரிகையும் உண்டு.

2014இல் வந்த சப்ஸ்டன்ஸ் பெயின்டர் சானல்களுக்குப் பெயரிட்டது. ஒரே தீற்றலில் நிறம், சொரசொரப்பு, உலோகத்தன்மை, உயரம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிகிறது. எது எந்தச் சானலுக்குச் செல்லும் என்பது ஏற்றுமதியின்போதுதான் முடிவாகிறது. மயக்கத்தை அடியோடு நீக்கும் வழி இதுவே. பிரான்சிலிருந்த அதன் நிறுவனத்தை 2019இல் அடோபி வாங்கிக்கொண்டது. அடோபி 2013லேயே புதிய பதிப்புகளுக்கு நிலையான உரிமத்தைக் கைவிட்டு வாடகை முறைக்கு மாறியிருந்தது. நம் பல்கலைக்கழக ஆய்வகங்கள் “தொழில்துறைத் தரம்” என்று ஒரு மென்பொருளை மட்டும் பயிற்றுவிக்கின்றன. பட்டம் பெற்ற மறுநாள் அந்த வாடகையை மாணவர் எப்படிச் செலுத்துவார் என்று பாடத்திட்டக் குழுவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாணவருக்கு நான் மென்பொருளின் பெயர் எதையும் முதலில் சொல்லவில்லை. ஒரு சோதனை சொன்னேன். நான்கு சதுரங்கள் வரைந்து, நான்கிற்கும் வெவ்வேறு நிறமிட்டு, இரண்டில் ஆல்பாவைச் சுழியமாக்கிச் சேமியுங்கள்; மூடித் திறந்து, நிறங்கள் உயிரோடு இருக்கின்றனவா பாருங்கள். தம் கணினியிலிருந்த மூன்று மென்பொருள்களிலும் அன்றே செய்து பார்த்தார். பழையதில் இரு சதுரங்கள் வெளுத்தன. கிரிட்டாவில் பிரித்தெழுதும் வழியில் நான்கும் நின்றன. கிம்ப்பில் ஏற்றுமதித் தெரிவைக் குறியிட்டபோது நின்றன, குறியிட மறந்தபோது போயின.

கரியை மறுபடி தீட்டிக்கொண்டிருக்கிறார். இம்முறை வழவழப்புக்குத் தனிக் கோப்பு. இரண்டையும் இணைப்பது கடைசி நாள் வேலை.