விக்கிப்பீடியாவில் ஒரு சூழலியல் சொல்லுக்குத் தனிப் பக்கம் வேண்டுமா? எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஆபீஸில் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் கேள்விப்படாத ஒரு சொல் வருகிறது. கூகுளில் தேடினால் மூன்று, நான்கு கட்டுரைகள்தான் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஆளின் பெயர். விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. 'இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லையா? நாமே எழுதிடலாமே' என்று தோன்றும்.

எழுதலாம். ஆனால் அந்தப் பக்கத்தைச் சில நாட்களிலேயே நீக்கிவிடவும் கூடும். தகவல் தப்பு என்பதற்காக இல்லை. இதைப் பற்றி வேறு யாரும் எழுதவில்லையே என்பதற்காக.

இது ஏதோ சில ஆர்வலர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. விக்கிப்பீடியாவில் இருப்பதைத்தான் தேடுபொறிகளும் ஏஐ கருவிகளும் எடுத்துச் சொல்கின்றன. மாணவரின் புராஜெக்ட்டிலும் கம்பெனியின் பிரசன்டேஷனிலும் அதுவே போய் உட்கார்கிறது. எந்தச் சொல்லை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்ற முடிவு நாம் சூழலைப் பற்றிப் பேசும் மொழியையே மாற்றக்கூடியது.

சரி, அந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள்?

முக்கியமானதா என்பது கேள்வியே இல்லை

விக்கிப்பீடியாவில் இதற்கு 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். ஒரு கருத்து நல்லதா, உண்மையா, உலகத்துக்குத் தேவையா என்று அங்கே கேட்பதில்லை. வேறு மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

ஒன்று, ஆழம். அந்தக் கருத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் போதாது.

இரண்டு, நம்பகம். எழுதியது ஆசிரியர் குழுவோ நிபுணர்களோ சரிபார்த்து வெளியிடும் இடமாக இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பதிவிடக்கூடிய தளங்கள் பொதுவாகக் கணக்கில் வராது.

மூன்று, சார்பின்மை. சொல்லை உருவாக்கியவர், அவருடைய நிறுவனம், அவருடன் சேர்ந்து வேலை செய்பவர்கள் எழுதியது எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

பெரும்பாலான புதுச் சொற்கள் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்தான். ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

சோலஸ்டால்ஜியா: ஒரு சொல் கடந்து வந்த தூரம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அப்பர் ஹண்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் அங்கே பெருகியபோது மலைகளும் மேய்ச்சல் நிலங்களும் உருமாறின. மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆனால் சொந்த வீட்டில் இருந்துகொண்டே ஊரை இழந்த வேதனை அவர்களைப் பிடித்துக்கொண்டது. இதற்கு 2003-இல் தத்துவவியலாளர் கிளென் ஆல்பிரெக்ட் வைத்த பெயர் 'சோலஸ்டால்ஜியா'. ஆறுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து உருவாக்கியது.

இதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 2005-இல் வந்தது. அப்போது நீங்கள் விக்கிப்பீடியாவில் பக்கம் தொடங்கியிருந்தால்? இருந்த ஆதாரம், சொல்லை உருவாக்கியவரே எழுதியது மட்டும். விதிப்படி அது போதாது.

2007-இல் ஒரு மனநல மருத்துவ ஆய்விதழில் கட்டுரை வெளியானது. ஆய்விதழ் என்பதால் நம்பகம் ஓகே. ஆனால் எழுதியவர்கள் ஆல்பிரெக்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும். சார்பின்மை இன்னும் வரவில்லை.

2010-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் அவரையும் அவருடைய கருத்தையும் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. 2019-இல் அவருடைய குழுவைச் சேராத ஆய்வாளர்கள், அதுவரை சோலஸ்டால்ஜியா பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து அலசினார்கள். இப்போது மூன்றும் பொருந்துகின்றன. இன்று இந்தச் சொல்லுக்குத் தனிப் பக்கம் இருப்பதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். அப்பர் ஹண்டர் மக்களின் வேதனை 2005-இலும் உண்மைதான், 2019-இலும் உண்மைதான். நடுவில் மாறியது, அதைப் பற்றி எழுதியவர்கள் யார் என்பது மட்டுமே.

ஆல்பிரெக்ட் 'சிம்பயோசீன்' போன்ற வேறு சொற்களையும் உருவாக்கியிருக்கிறார். ஒரு சொல் ஜெயித்துவிட்டது என்பதற்காக மற்றவை தானாக உள்ளே வந்துவிட முடியாது. ஒவ்வொன்றும் தனியாகப் பாஸ் ஆக வேண்டும்.

கம்பெனி பரப்பிய சொல்லுக்கு இடம் உண்டா?

உண்டு. 'கார்பன் தடம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேர், 1990-களில் கனடாவில் வில்லியம் ரீஸும் மதிஸ் வாக்கர்நேகலும் வளர்த்தெடுத்த 'சூழலியல் தடம்' என்ற கருத்தில் இருக்கிறது. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் எண்ணெய் நிறுவனமான பிபி 2000-களின் நடுவில் நடத்திய விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பொறுப்பை எண்ணெய் நிறுவனங்களின் தலையிலிருந்து இறக்கித் தனிமனிதர் தலையில் வைக்கும் வேலை இது என்ற விமர்சனமும் பின்னால் வந்தது.

அந்த விமர்சனமும்கூட ஆதாரம்தான். வெளியாட்கள் ஆழமாகப் பாராட்டினாலும் சரி, திட்டினாலும் சரி, இரண்டுமே ஒரு சொல்லின் குறிப்பிடத்தக்கமையை நிறுவும். கம்பெனியின் சொந்தப் பத்திரிகைச் செய்தியால் அதைச் செய்ய முடியாது.

விஞ்ஞானிகளே நிராகரித்தால்?

அப்போதும் பக்கம் இருக்கலாம். மனிதச் செயல்களால் பூமி ஒரு புதிய புவியியல் காலத்துக்குள் வந்துவிட்டது என்பதுதான் 'ஆந்த்ரோபோசீன்' கருத்து. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சன் 2000-ஆம் ஆண்டு முதல் இதைப் பரவலாக்கினார். ஆனால் இதை அதிகாரபூர்வ காலகட்டமாக அறிவிக்கும் முன்மொழிவு 2024 மார்ச்சில் தோற்றது. உரிய துணை ஆணையத்தில் எதிராக 12 வாக்குகள், ஆதரவாக 4. அதற்காக விக்கிப்பீடியா பக்கத்தை யாரும் தூக்கவில்லை. நிராகரிக்கப்பட்ட கதையும் அந்தப் பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

நீக்கும் விவாதத்தில் என்ன நடக்கும்?

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தை நீக்கலாமா என்ற விவாதம் பொதுவாக ஏழு நாள் நடக்கும். யாரும் கலந்துகொள்ளலாம். ஆனால் இது ஓட்டெடுப்பு இல்லை. நண்பர்கள் இருபது பேரைக் கூட்டிவந்து 'வேண்டும், வேண்டும்' என்று எழுதச் சொன்னால் பலன் இருக்காது, சந்தேகம்தான் கூடும். தரமான இரண்டு, மூன்று ஆதாரங்களை எடுத்து வைக்கும் ஒருவரின் பேச்சுக்கு அதைவிட எடை அதிகம்.

வைத்துக்கொள், நீக்கு என்ற இரண்டோடு தீர்ப்பு முடிந்துவிடுவதும் இல்லை. தனிப் பக்கத்துக்குப் போதுமான விஷயம் இல்லாத சொல்லை, தொடர்புடைய பெரிய பக்கத்தில் ஒரு பத்தியாக இணைக்கலாம். சொல்லைத் தேடுபவரை அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். பல சமயம் இதுதான் நியாயமான தீர்வு.

நம்ம ஊர்ச் சொற்கள் என்ன ஆகும்?

இந்த விதியின் கஷ்டமான பக்கம் இதுதான். அச்சில் ஏறாத அறிவுக்கு இங்கே இடமில்லை. ஒரு மீனவக் கிராமத்தில் நாலு தலைமுறையாகப் புழங்கும் ஒரு சொல்லை யாரும் எழுதி வைக்காமல் விட்டிருந்தால், அது எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் விக்கிப்பீடியாவில் நிற்காது. அதே நேரம் போன வருடம் யாரோ உருவாக்கிய சொல்லை நான்கு பத்திரிகைகள் அலசியிருந்தால் அது நின்றுவிடும். அநியாயமாகத் தெரிகிறதா? ஓரளவு அநியாயம்தான்.

ஆனால் விதியைத் தளர்த்தினால் முதலில் உள்ளே நுழைவது மீனவரின் சொல்லாக இருக்காது. சூழலைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தன் பொருளை விற்க வரும் கம்பெனியின் சொல்லாகத்தான் இருக்கும். எழுதவும் பரப்பவும் ஆளும் பணமும் அவர்களிடம்தானே இருக்கின்றன?

வழி இல்லாமல் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை வட்டாரக் கண்மாய்களை, அங்கே தண்ணீரை யார் பங்கிட்டார்கள், அதில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை மானுடவியலாளர் டேவிட் மாஸ் ஆராய்ந்து 2003-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதுபோன்ற ஒரு நூல் வந்துவிட்டால் கண்மாய்ப் பாசனம் பற்றி எந்தக் கலைக்களஞ்சியத்திலும் ஆதாரத்தோடு எழுதலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: ஆதாரம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில்கூட விதி கிடையாது. இணையத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நூலகத்தில் இருக்கும் ஒரு நல்ல தமிழ் ஆய்வு நூல் தாராளமாகச் செல்லும்.

எழுத உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

சொல்லை உருவாக்கியவரின் பெயரை ஒதுக்கிவிட்டுத் தேடுங்கள். என்ன மிஞ்சுகிறது? விரிவான, சார்பற்ற ஆதாரம் இரண்டு, மூன்றாவது இருக்கிறதா? இதே விஷயம் வேறு பெயரில் ஏற்கெனவே பக்கமாக இருக்கிறதா?

அது உங்கள் கம்பெனியின் சொல் என்றால் நீங்கள் எழுதாமல் இருப்பதே நல்லது. சம்பளத்துக்காகத் தொகுப்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள் சொல்கின்றன. 'பாஸ் சொன்னார், அதனால் போட்டேன்' என்பதும் இதில் அடங்கும்.

அது உங்கள் ஊர்ச் சொல் என்றால், விக்கிப்பீடியாவில் சண்டை போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வேறு. ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள். அதை ஒரு ஆய்வாளரிடமோ நல்ல பத்திரிகையாளரிடமோ கொண்டுபோங்கள். முறையாக அச்சில் வரட்டும். அதன் பிறகு விக்கிப்பீடியா பக்கத்தை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை, யாரோ ஒருவர் எழுதிவிடுவார். ஆனால் அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யும் வேலையை நீங்கள்தான் தொடங்க வேண்டியிருக்கும்.