கிழக்காசியப் பால்புதுமையர் கவிதை

சீனம், ஜப்பான் முதலிய கிழக்காசிய தேசங்களிலும், அங்கிருந்து குடிபெயர்ந்தோர் வாழும் மேனாடுகளிலும், தன்பாலாரிடம் காதல் கொண்டோரும், ஆண் பெண் என்னும் வரையறைக்குள் அடங்காதோரும் தம் வேட்கையையும் குலமரபையும் ஒருசேரப் பொருளாக்கிப் பாடிய கவிதைகளை இப்பெயர் குறிக்கும்.

இக்காதல் மேனாட்டிலிருந்து வந்து புகுந்த நூதன வழக்கம் என்ற அபிப்பிராயம் அத்தேசங்களில் பலரிடம் உண்டு. சரித்திரம் அதற்குச் சான்று பகரவில்லை. சீனத்தின் ஹான் வம்சத்துச் சக்கரவர்த்தி ஆய், தம் அங்கியின் கைத்துணிமேல் உறங்கிக்கிடந்த தம் காதலர் டோங் சியானின் துயில் கலைக்க மனமின்றி, அத்துணியையே அறுத்துவிட்டு எழுந்தார் என்னும் வரலாறு பான் கூ இயற்றிய சரித்திர நூலில் இடம்பெற்று, ஆடவர் காதலைக் குறிப்பாற் சுட்டும் மரபாகவே நிலைபெற்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வூ ட்சாவ் என்ற சீனப் பெண்கவி, ஒரு கணிகையை விளித்துக் காதற்பாட்டு இயற்றினார். ஜப்பானியக் கவி தகாஹாஷி முட்ஸுவோ (பிறப்பு 1937) ஆணுடலை வழிபாட்டுக்குரியதாக ஏற்றிப் பாட, 1964இல் வந்த அவருடைய தொகுதியைப் படித்த நாவலாசிரியர் மிஷிமா யுகியோ அவரை அழைத்து நட்புக் கொண்டார்.

புலம்பெயர்ந்தோர் கவிதையில் இம்மரபு வேறொரு வடிவம் கொள்கிறது. அங்கே காதலுக்கு நிகராக, சில இடங்களில் அதனினும் மேலாக, தாயும் பாட்டியும் முன்னிற்கின்றனர். ஹாங்காங்கில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த கிட்டி சூயி, 1983இல் வெளியிட்ட தொகுதியில், கான்டனிய இசைநாடக நடிகையாயிருந்த தம் பாட்டியின் வழித்தோன்றலாகவே தம்மைக் கண்டார். ஷியாமென் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சென் சென், பெற்றோரையும் தம் காதலரையும் ஒரே விருந்தில் அமரவைக்கும் கவிதையில், நகைச்சுவையின் அடியில் ஆழ்ந்த வேதனையைப் பொதிந்து வைத்திருக்கிறார்.

பெற்றோர் பாசமும் காதலும் மோதும் இவ்விஷயத்தை முழு நூலாகவே விரித்தவர் கவி மேரி ஜீன் சான். ஆடவரிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை ஹாங்காங் 1991இல்தான் நீக்கியது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் அங்கே பிறந்தார். 2019இல் வெளிவந்து, கவிதைக்கான காஸ்டா பரிசைப் பெற்ற 'ஃபிளெஷ்' என்னும் அவரது முதல் தொகுதி, இளமையில் தாம் பயின்ற வாட்போர் விளையாட்டின் அசைவு ஒன்றையே தலைப்பாகக் கொண்டது. தாக்குதலைத் தடுத்தல், எதிர்த்து வீசுதல், மெய்யோடு மெய் மோதுதல் என அதன் பகுதிகளும் அவ்வாறே பெயர் பெற்றன. சீனத்தின் கலாசாரப் புரட்சியின் கொடுமைகளுக்குத் தப்பிய தாய், தம் குழந்தையின் காதலை ஏற்க இயலாது தவிப்பதும், அத்தாயின் பழந்துயரத்தையும் சீதனம்போல் சுமக்கும் குழந்தை, அவர்மீதுள்ள அன்பையும் தன் காதலையும் விட்டுக்கொடாது நிற்பதும் அந்நூலின் உயிர்நிலை. தாயைக் குற்றவாளியாக்காமல், தம் உண்மையையும் மறைக்காமல் அவர் பாடியிருப்பது, இத்துறையில் எய்தப்பெற்ற அரிய சித்தி என்றே சொல்லத்தகும்.

அவருடைய இரண்டாம் தொகுதி 2023இல் வெளிவந்தது.