எம்டன் மூழ்கடித்த பெட்டிகளும் மாம்பலம் ஏரியும்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். சின்ன வயசில் அங்கே நின்று "ஏரி எங்கே தாத்தா?" என்று கேட்டு, ஒரு சிரிப்பை மட்டும் பதிலாக வாங்கியவன் நான் :-)

விடை தேடப் போனபோது கிடைத்தவர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், உயிரியல்காரர். நகரம் கட்டிடக் குவியல் இல்லை, அதுவும் ஓர் உயிர் என்பது அவர் கட்சி. உயிர் என்றால் நோய் வரும். ஆனால் நாடி பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. தெருத்தெருவாக நடந்து ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு, முடிந்தவரை குறைவாக வெட்ட வேண்டும்.

1914ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். பல ஊர்களின் வரைபடம், படம் என்று பல வருஷச் சேமிப்பைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார் மனுஷன். 'கிளான் கிராண்ட்' என்ற அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? நம்ம எம்டன்! செப்டம்பர் 22ல் சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பல், அக்டோபரில் இதையும் முடித்துவிட்டது. நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது.

பிறகு ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுதினார். அந்தக் காலத்து அதிகாரிகளுக்குக் குளம் என்றால் கொசு, கொசு என்றால் மலேரியா, ஆகவே தூர்த்துவிடு. கெடிஸ் சொன்ன வைத்தியம் வேறு: குளத்தைச் சுத்தம் செய், மீனும் வாத்தும் விடு, கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

1920ல் சென்னைக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் மாம்பலத்து நீள ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உண்டாக்க ஆரம்பித்தார்கள். பனகல் பார்க், அதிலிருந்து பிரியும் சாலைகள்... நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. வளர்கிற ஊருக்கு வீடு வேண்டியிருந்தது. நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னாளில் இப்படியே போனது. 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது அங்கேதான்.

பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு இதில் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. மனையை வரவில் எழுதினார்கள். அந்த ஏரி வாங்கிக்கொண்டிருந்த மழைத் தண்ணீரை எந்தப் பக்கமும் எழுதவில்லை. எழுதாத செலவு காணாமல் போகாது, வேறு யார் கணக்கிலோ ஏறும். 2015 டிசம்பரில் மாம்பலம் பக்கம் தண்ணீர் நின்றது. 2021 நவம்பரில் மறுபடியும். அந்தத் தடவை எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தோம். அவர் கணக்கில் ஏறியது: ஒரு ஃப்ரிட்ஜ், பீரோவின் அடித்தட்டுப் புடவைகள், ரேஷன் அரிசி 10 கிலோ.