வரிப்பணமும் வருங்காலமும்



ஜோசப் சேம்பர்லேன் என்னும் பெயரை வரலாற்று நூல்களில் நீங்கள் கண்டிருக்கலாம். 1895 முதல் 1903 வரை பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சராக விளங்கியவர். இரண்டாம் உலகப் போர் மூண்ட வேளையில் பிரதமராயிருந்த நெவில் சேம்பர்லேனின் தந்தை. பேரரசின் பெருமை பேசிய அந்த அமைச்சரைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், பர்மிங்ஹாம் நகரசபையின் தலைவர் நாற்காலியில் மூன்றாண்டுக்கும் குறைவாகவே அமர்ந்திருந்த ஒரு திருகாணி உற்பத்தியாளரைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

லண்டனில் 1836-இல் பிறந்த சேம்பர்லேன், தம் பதினெட்டாம் வயதில் பர்மிங்ஹாமுக்கு வந்து, உறவினரின் திருகாணித் தொழிற்சாலையில் கணக்கும் வாணிபமும் பார்த்துப் பெருஞ்செல்வர் ஆனார். அவர் வந்த காலத்தில் அந்நகரசபையை ஆண்டவர்கள் சிக்கனக் கட்சியினர். ‘உட்மன்’ என்னும் மதுக்கடையில் கூடி நகர விவகாரங்களை முடிவு செய்த அவர்களுக்கு, வரியைக் குறைப்பது ஒன்றே கொள்கை. சிக்கனத்தின் பெயரால் 1857-இல் நகரின் தலைமைப் பொறியாளரையே வேலையினின்று நீக்கினார்கள். வரி குறைந்தது உண்மைதான். சாக்கடை நீரும் கிணற்று நீரும் ஒன்றாய்க் கலந்ததும் உண்மைதான். 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 3,40,000 மக்கள் வாழ்ந்த நகரம் அது. அவர்களுள் ஏழை எளியோர் பலர் குடித்தது அந்தக் கிணற்று நீரையே. செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தை மக்கள் காய்ச்சலாகத் திருப்பிச் செலுத்தினார்கள் என்று சொல்லலாம்.

1869-இல் நகரசபை உறுப்பினரான சேம்பர்லேன், 1873 நவம்பரில் தலைவரானார். நகரப் பணி தெய்வப் பணிக்குக் குறைந்ததன்று என்று ஜார்ஜ் டாசன் என்னும் சமயப் போதகர் அவ்வூரில் நெடுங்காலமாக எடுத்துரைத்து வந்தார். அந்தப் போதனையைக் கணக்கேட்டில் எழுதிக் காட்டியவர் சேம்பர்லேன்.

முதலில் அவர் கைவைத்தது விளக்கெரிக்கும் வாயுவில். இரண்டு தனியார் கம்பெனிகள் நகரின் வீதிகளை மாறி மாறித் தோண்டிக் குழாய் பதித்து, வாயுவை விற்று வந்தன. அவ்விரண்டையும் நகரசபையே வாங்க வேண்டும் என்று 1874-இன் தொடக்கத்தில் அவர் முன்மொழிந்தார். விலை ஏறத்தாழ 20 லட்சம் பவுன். நகருக்கு அப்போதிருந்த கடனோ அதில் நான்கில் ஒரு பங்களவே. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு அவர் வணிகராகவே விடையளித்தார். இந்த வியாபாரத்தை என்னிடம் குத்தகைக்கு விடுங்கள். ஆண்டுதோறும் நகரசபைக்குப் பணமும் கட்டி, நானும் செல்வனாகிக் காட்டுகிறேன் என்னும் கருத்துப்படப் பேசினார். சபை பெரும்பான்மையால் இசைந்தது. முதலாண்டிலேயே சுமார் 34,000 பவுன் இலாபம் கிடைத்தது. பின்னர் வாயுவின் விலையும் குறைக்கப்பட்டது.

அடுத்தது குடிநீர். தண்ணீர்க் கம்பெனியை 13,50,000 பவுனுக்கு வாங்கி, 1876 ஜனவரியில் நகரசபை ஏற்றுக்கொண்டது. இங்கே அவர் கொள்கை அடியோடு வேறுபட்டது என்பதை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாயுவில் இலாபம் வரலாம், வரவும் வேண்டும். அது வரிச்சுமையைத் தாங்கும். தண்ணீரில் ஒரு காசும் இலாபம் கூடாது. மிஞ்சுவதெல்லாம் கட்டணக் குறைப்புக்கே போக வேண்டும் என்றார். மக்களின் உயிர் பற்றிய அதிகாரம் பங்குதாரருக்கு ஆதாயம் தேடுவோர் கையில் இருத்தலாகாது என்பது நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் வைத்த வாதம். அக்காலத்தில் வாயு விளக்கு ஏற்றியவர்கள் பெரும்பாலும் கடைக்காரரும் ஆலைக்காரரும் வசதியுள்ள குடும்பத்தாரும்; தண்ணீரோ அனைவர்க்கும் வேண்டுவது. பொதுச் செலவைப் பற்றிப் பேசுவோர் பலர் வரவையும் செலவையும் பார்ப்பார்கள். எந்த வரவு யாரிடமிருந்து வருகிறது என்று பார்ப்பவர் சிலரே. என் மதிப்பில், சேம்பர்லேனின் நகராட்சிப் பணியில் தலைசிறந்தது இந்த வேறுபாட்டைக் கண்டதுதான்.

மூன்றாவது திட்டத்தைப் பற்றி அவ்வளவு மனமுவந்து பாராட்ட இயலவில்லை. 1875-இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டு, நகர நடுவிலிருந்த சேரிகளை வாங்கி இடித்து, அகன்ற கார்ப்பொரேஷன் வீதியை அமைக்கும் வேலை தொடங்கியது. நிலத்தை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கே விட்டது தொலைநோக்குத்தான். பேரன் காலத்தில் நிலமும் கட்டிடமும் நகருக்கே திரும்பும் என்பது கணக்கு. ஆயினும் அவ்வீதியில் எழுந்தவை பெருங்கடைகள். குடிசை இழந்தோர்க்கென அடுத்த பல ஆண்டுகளில் நகரசபை கட்டிய வீடுகள் மிகச் சில. அவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் நெருங்கிக்கொண்டார்கள்.

இத்தனை செலவுக்கும் பொறுப்புச் சொன்னவர் யார்? 1835-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி, மன்ற உறுப்பினருள் மூன்றில் ஒரு பகுதியினர் ஆண்டுதோறும் நவம்பரில் வாக்காளர் முன் நிற்க வேண்டும். தணிக்கையாளர் இருவரையும் வாக்காளரே தேர்ந்தெடுத்தனர். கணக்கு அச்சிட்டு வெளியிடப்பட்டது. கம்பெனிகளை வாங்கவோ நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டியிருந்தது. ஏட்டளவில் குறையில்லை. ஆனால் சேம்பர்லேனின் கட்சி வட்டந்தோறும் கிளை பரப்பிச் சபையைக் கைப்பற்றியபின், எதிர்த்துக் கேட்கும் குரல் மெலிந்தது. அவரும் 1876 ஜூனில் நாடாளுமன்றத்திற்குச் சென்றுவிட்டார். கார்ப்பொரேஷன் வீதி வேலை 1878-இல்தான் தொடங்கியது; அதன் கடனுக்குப் பதில் சொன்னவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள்.

தண்ணீரைப் பொதுவுடைமையாக்கியதன் பயன் பின்னர் தெளிவாயிற்று. கிணறும் ஓடையும் போதாத நிலையில், 1892-இல் சட்டம் பெற்று, வேல்ஸ் நாட்டு எலான் பள்ளத்தாக்கில் நகரசபை அணைகள் கட்டியது. 73 மைல் தொலைவிலிருந்து நீர் கொணரும் அவ்வேலையை 1904-இல் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்து வைத்தார். வாயு 1949-இலும், தண்ணீர் 1974-இலும் நகரசபையின் கையைவிட்டுப் போயின. பின்னர் இரண்டும் தனியாரிடமே சென்றன.

அதே பர்மிங்ஹாம் நகரசபை, 2023 செப்டம்பரில், வரவுக்குள் செலவை அடக்க இயலவில்லை என்று சட்டப்படி அறிவித்தது. பெண் ஊழியர்க்குச் சமஊதியம் தராது விட்ட பழைய பாக்கி ஒரு காரணம். புதிதாக அமைத்த கணக்குக் கணினி முறை ஒழுங்காக இயங்காமற் போனது மற்றொன்று. நகரசபையை மேற்பார்க்க மத்திய அரசு ஆணையர்களை அனுப்பியது. அடுத்த ஆண்டு வீட்டு வரி ஏறியது, நூலகங்களுக்கான பணம் குறைந்தது.