ஒரு கொக்கா கோலாப் போத்தலும் றொட் சேர்லிங்கும்

1956 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘நூன் ஒன் டூம்ஸ்டே’ என்றொரு நாடகம் போனது. அதன் காட்சியமைப்பில் இருந்து ஒரு கொக்கா கோலாப் போத்தலை எடுத்துவிட்டார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். கொக்கா கோலா தென் மாநிலத்துக் கம்பனி. போத்தலைக் கண்டால் கதை தெற்கில் நடக்கிறது என்று ஆக்கள் நினைத்துவிடுவார்களாம்.

நாடகத்தை எழுதியவர் றொட் சேர்லிங். ‘த ட்வைலைட் ஸோன்’ பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும்: கறுப்பு சூட், கையில் சிகரெட், சுருக்கமாக ஒரு முன்னுரை. அவரைப் பற்றிய கதையை வழக்கமாக இப்படித்தான் சொல்வார்கள்: நேரடியாக எழுத விடவில்லை, அதனால் வேற்றுக்கிரகவாசிகளை வைத்து எழுதித் தணிக்கையை ஏமாற்றினார். இதில் பாதி உண்மை. மற்றப் பாதியைத்தான் இங்கே கதைக்க வேண்டியிருக்கு.

சேர்லிங் 1924இல் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, பிங்ஹாம்டனில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் பரசூட் படையில் சேர்ந்து பிலிப்பைன்ஸில் சண்டையிட்டார். படையில் இருந்தபோது குத்துச்சண்டையும் போட்டார். திரும்பி வந்து, போர் வீரர்களுக்கான கல்வி உதவியில் ஒஹாயோவின் அன்டியோக் கல்லூரியில் படித்தார். பிறகு வானொலி, அங்கிருந்து தொலைக்காட்சி.

அந்தக் காலத்து நாடகங்கள் பெரும்பாலும் நேரலை. 1955 ஜனவரியில் போன அவரது ‘பற்றேர்ன்ஸ்’ நாடகத்துக்குக் கிடைத்த வரவேற்பில், நான்கு கிழமைகள் கழித்து நடிகர்களைத் திரும்பக் கூட்டிவந்து மீண்டும் நேரலையாக நடிக்க வைத்தார்கள். அடுத்த வருடம், வயதுபோன ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றிய ‘ரெக்வியம் ஃபோர் அ ஹெவிவெயிட்’. இரண்டுக்கும் எமி விருது. முப்பத்திரண்டு வயதாகும் முன்னமே நாட்டின் முதல்தர தொலைக்காட்சி எழுத்தாளர்களில் ஒருவராகிவிட்டார்.

இந்த இரண்டு வெற்றிகளுக்கும் இடையில் வந்ததுதான் அந்தப் போத்தல் விவகாரம். 1955 ஓகஸ்டில் மிசிசிப்பியில் எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பொடியனைக் கடத்திக் கொன்றார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட இரண்டு வெள்ளையர்களையும் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. அந்தச் செய்தியில் இருந்துதான் சேர்லிங் எழுதத் தொடங்கினார். விஷயம் வெளியே கசிந்ததும் தெற்கில் இருந்த வெள்ளையர் மன்றங்கள் பகிஷ்கரிப்போம் என்று மிரட்டின. உடனே கதை வடக்கே நியூ இங்கிலாந்துக்குப் போனது. கொல்லப்பட்டவர் எந்த நாடென்றே தெரியாத ஒரு வெளிநாட்டவர் ஆனார். 1958இல் ‘அ டவுன் ஹாஸ் டேர்ன்ட் டு டஸ்ட்’ என்று இன்னொருமுறை முயன்றார். இந்தத் தடவை கதை 1870களுக்குப் போனது. கொல்லப்பட்டவர் ஒரு மெக்சிக்க இளைஞர்.

தணிக்கை என்றதும் எங்களுக்கு அரசாங்கமும் ஆமியும்தான் நினைவுக்கு வரும். இங்கே வெட்டியவர்கள் அனுசரணையாளர்கள். நிகழ்ச்சியின் பெயரே ‘யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் அவர்’. காசு கொடுக்கும் கம்பனியும் அதன் விளம்பர முகவர்களும் பிரதியை வாசிப்பார்கள், வாடிக்கையாளர் ஒருவரும் கோபிக்கக்கூடாது என்று வெட்டுவார்கள். 1959இல் நியூரம்பேர்க் விசாரணையைப் பற்றி வேறொருவர் எழுதிய நாடகத்துக்கு எரிவாயு நிறுவனங்களின் சங்கம் அனுசரணை கொடுத்தது. நாசிகளின் கொலைக்கூடங்களைப் பற்றிய பேச்சில் ‘காஸ்’ என்ற சொல் வந்த இடங்களில் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள்.

எழுத்தாளனாக மட்டும் இருந்தால் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்காது என்பது சேர்லிங்குக்கு விளங்கியது. ஆகவே கயூகா புரொடக்ஷன்ஸ் என்று சொந்தக் கம்பனி தொடங்கித் தயாரிப்பாளரானார். ‘ட்வைலைட் ஸோன்’ 1959 ஒக்டோபர் 2ஆம் திகதி சி.பி.எஸ்.இல் தொடங்கியது. ஐந்து பருவங்கள், 156 அத்தியாயங்கள், அதில் 92 அவரே எழுதியவை. 1960 மார்ச்சில் வந்த ‘மேப்பிள் ஸ்ட்ரீட்’ கதையில் ஒரு தெருவில் கரண்ட் போகிறது, அவ்வளவுதான். அயலவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகித்து, இருட்டில் வந்த ஒருவரைச் சுட்டு, முடிவில் தெருவே கலவரமாகிறது. கரண்டை நிறுத்தியவர்கள் குன்றின் மேல் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அனுசரணையாளர் ஒருவரும் இதில் தன்னைக் காணவில்லை.

ஆனால் இதை முழு வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடர் தொடங்கும் முன்னர் மைக் வாலஸ் அவரைப் பேட்டி கண்டார். முக்கியமான எதையும் தொலைக்காட்சிக்கு எழுதும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டீர்களா என்று கேட்டார். சமகாலப் பிரச்சினைகளைத் தாக்குவதுதான் முக்கியம் என்றால், ஆம் என்ற பொருளில் சேர்லிங் பதில் சொன்னார். தான் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

1964 மார்ச்சில் வந்த ஒரு கதையில் தூக்குத் தண்டனை நாளில் சூரியன் உதிக்கவில்லை. வேறெங்கெல்லாம் இருள் பரவியது என்று வானொலி சொல்கிறது. அந்தப் பட்டியலில் அலபாமாவின் பேர்மிங்ஹாமும் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னர் தெற்கின் சாடையே வரக்கூடாது என்று போத்தலை எடுத்த அதே தொலைக்காட்சியில்! இடையில் நடந்தது உருவகக் கதைகள் மட்டுமல்ல. 1963இல் பேர்மிங்ஹாம் தெருக்களில் கறுப்பினச் சிறுவர்கள் ஊர்வலம் போனார்கள். நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் அவர்கள் மேல் ஏவினார்கள். அதே வருடம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லக்கூடியதாக ஆக்கியவர்கள் முதலில் அவர்கள்தான்.

பிறகு சேர்லிங் ‘ட்வைலைட் ஸோனில்’ தன் உரிமையை சி.பி.எஸ்.இற்கு விற்றுவிட்டார். 1970இல் தொடராக வந்த ‘நைட் கேலரி’யில் முகம் அவருடையது, எழுத்தில் கணிசமானது அவருடையது, முடிவெடுக்கும் அதிகாரம் வேறொருவருடையது. அவர் எழுதியவை திருப்பி அனுப்பப்பட்டன. 1975 ஜூனில், இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு, 50 வயதில் இறந்தார்.

உருவகத்தில் எழுதித் தப்புபவர்களை நாங்கள் கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், அது லேசான வேலையில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் வர முடியாமல் போனவர் யார் என்பதையும் கூடவே கேட்க வேண்டும். சேர்லிங்கின் விஷயத்தில் அது ஒரு 14 வயதுப் பொடியன். அவனுடைய கதையை அவர் இரண்டு தரம் எழுதினார். இரண்டு தரமும் திரையில் வந்தது வேறு யாரோ.