இருப்புப்பாதை வண்டிகளின் அச்சு உயவு

இருப்புப்பாதை வண்டிகளின் அச்சு உயவு என்பது, வண்டியின் பாரத்தைச் சுமந்துகொண்டு சுழலும் அச்சின் முனைகளுக்கும் அவற்றின்மேல் அமர்ந்திருக்கும் தாங்கிகளுக்கும் இடையே, எண்ணெயோ கொழுப்போ இடைவிடாது நிலவி, உலோகம் உலோகத்தைத் தீண்டாதவாறு காக்கும் முறையாகும். நீராவி எஞ்சினின் ஆற்றலையும் பாதையின் உறுதியையும் பற்றிப் பேசும் நூல்கள் இதனை ஒரு சிறு குறிப்பாகவே சொல்லிச் செல்வது வழக்கம். ஆயினும் ரயில் வண்டி எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம், எவ்வளவு பாரத்தோடு அபாயமின்றி ஓடலாம் என்பதை நூறாண்டுகளுக்கு மேலாக வரையறுத்து வந்தவற்றுள், கையளவு நீளமே உள்ள அச்சுமுனையும் ஒன்று. சென்னைக்கு மேற்கே பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் வழியாக அரக்கோணம் செல்லும் பாதை, தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் பாதையைச் சேர்ந்ததாதலாலும், அதன் ஓரத்திலேயே பெரிய பணிமனைகள் எழுந்தமையாலும், இவ்வுயவின் சரித்திரத்தை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான இடமாகும்.

அமைப்பு

மாட்டுவண்டியில் அச்சு அசையாது நிற்கச் சக்கரம் மட்டும் அதன்மீது சுழல்கிறது. ரயில் வண்டியிலோ இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பிணைக்கப்பட்டு, மூன்றும் ஒன்றாகவே சுழல்கின்றன. சக்கரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் அச்சின் வழுவழுப்பான முனையின் மேற்பாதியில், பழைய வண்டிகளில் அரைவட்டமாகக் குடைந்த பித்தளைத் தாங்கி ஒன்று கவிந்திருந்தது. வண்டியின் பாரம் வில்களின் வழியாக இறங்கி, இத்தாங்கியை அச்சின்மீது அழுத்தியது. இவற்றைச் சூழ்ந்து நிற்கும் வார்ப்பிரும்புக் கூட்டுக்கு அச்சுப்பெட்டி என்று பெயர். அதன் முன்புறத்தில் திறந்து மூடும் மூடியும், அச்சு உள்ளே நுழையும் பின்புறத்தில் தூசியைத் தடுக்கும் தடுப்பும் இருந்தன.

மூன்றடி விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 30 மைல் வேகத்தில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 280 முறை சுழல்கிறது. ஐந்தடிச் சக்கரமுடைய கட்டைவண்டி, மாடுகளின் நடையில் நிமிஷத்துக்குப் பதினொரு சுற்றோ பன்னிரண்டு சுற்றோ சுற்றினால் அதிகம். உராய்வினால் பிறக்கும் உஷ்ணம் இவ்வேகத்தோடு பெருகுவதால், வண்டிக்காரன் அறிந்திருந்த உயவு முறை இருப்புப்பாதைக்குப் போதாதாயிற்று.

வண்டி மையும் முதற்பாதைகளும்

புகைவண்டி வருமுன், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் செங்குன்றம் சாலையிலும் சென்னைக்கு நெல்லும் விறகும் காய்கறியும் கொண்டுவந்த வண்டிகளுக்கெல்லாம் உயவாக இருந்தது வண்டி மை. வைக்கோலைக் கருக்கி, அக்கரியைப் பொடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து ஆக்கிய அந்தக் கறுத்த மசகை வண்டிக்காரன் ஒரு மூங்கில் குழாயில் இட்டு வண்டியின் அடியிலே தொங்கவிட்டிருப்பான். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சின்மீது தடவுவான். எண்ணெய் வழிந்தோடாமல் கரி பிடித்து நிறுத்தும். கரி வறண்டு போகாமல் எண்ணெய் காக்கும். மெதுவாகச் சுழலும் சக்கரத்துக்கு இதனினும் எளியதும் மலிவானதுமான சாதனம் வேறில்லை.

சென்னைக்கருகே தண்டவாளம் கண்ட முதல் வண்டிகள், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கல்லைச் சுமந்துவந்தவை. ஆர்தர் காட்டனின் முயற்சியால் 1837-ஆம் ஆண்டில் இயங்கிய அப்பாதை நெடுநாள் நிலைக்கவில்லை. சென்னை ரயில்வே கம்பெனியார் 1853-இல் வேலையைத் தொடங்கி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் அமைத்த பாதையை, 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார்; ஜூலை முதல் தேதியிலிருந்து பொதுமக்கள் பிரயாணம் செய்யத் தொடங்கினர். அதே ஆண்டில் பெரம்பூரில் பணிமனையும் தோன்றியது. மைல்கணக்கில் நில்லாமல் விரைந்து ஓடும் சக்கரங்கள் இந்நாட்டின் வெயிலையும் புழுதியையும் மழையையும் எதிர்கொள்ள நேர்ந்தது அப்போதுதான்.

கொழுப்பு உயவு

ஆரம்பகால இருப்புப்பாதை வண்டிகளுக்கு இங்கிலாந்தில் பெரிதும் வழங்கியது கெட்டியான கொழுப்பு உயவு. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வேயின் காரியதரிசியும், ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ எஞ்சினுக்குப் பல குழாய்க் கொதிகலன் வேண்டுமென்று யோசனை கூறியவருமான ஹென்றி பூத், 1835-இல் இதற்கென்றே ஒரு கலவைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஒரு காலன் நீரில் அரை ராத்தல் சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் மூன்று ராத்தல் மிருகக் கொழுப்பையும் ஆறு ராத்தல் ஆப்பிரிக்கச் செம்பனை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறும்வரை கிளறிக்கொண்டே இருந்தால் மஞ்சள் நிறமான, சோப்பின் தன்மை கலந்த பசை கிடைக்கும். இப்பசையை அச்சுப்பெட்டியின் மேலறையில் நிரப்பிவைப்பர். அச்சு சூடேறும்போது பசை இளகித் தாங்கியின் துளைகள் வழியே கீழிறங்கும். சூடு தணிந்தால் உறைந்து நின்றுவிடும். தேவை எழும்போது மட்டும் தானே பாய்ந்து, தேவை தீர்ந்ததும் தானே ஓய்வதாகிய இந்த ஏற்பாடு, கவனிப்பார் அருகில் இல்லாத நெடும்பாதைகளுக்கு மிக உகந்ததாகத் தோன்றியது.

அதன் குறைகள் இரண்டு. அச்சு சூடேறினாலன்றிப் பசை இளகாதாதலால், புறப்படும் நேரத்தில் வண்டி வறண்ட உராய்வோடு போராடவேண்டும். இஃது எஞ்சினுக்குப் பாரம், தாங்கிக்குத் தேய்மானம். மற்றொன்று, பசையின் இளகும் நிலை பருவத்துக்கேற்ப மாறவேண்டும் என்பது. குளிர்காலத்துக்குச் செம்பனை எண்ணெயையும் கோடைக்குக் கொழுப்பையும் மிகுதியாகச் சேர்த்து இங்கிலாந்தில் சமாளித்தனர். சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டி கையால் தொடமுடியாதபடி காயும் சென்னைச் சீமையிலோ, அச்சு சுழலத் தொடங்குமுன்பே கொழுப்பு உருகி வழிந்துவிடக்கூடும் என்பதை ஊகிப்பது எளிது.

விளக்கெண்ணெய்

இந்திய ரயில்வேக்கள் இவ்விடுக்கணுக்குக் கண்ட பரிகாரம், வண்டிக்காரனின் மூங்கில் குழாயில் இருந்த அதே எண்ணெய்தான். ஆமணக்கு இந்நாட்டுப் புன்செய்களில் எளிதாக விளைவது. அதன் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களைவிட மிகத் தடிப்பானது. உஷ்ணத்தில் இளகினாலும் உலோகத்தைப் பற்றி நிற்கும் குணம் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்களில் விளக்குகளுக்கும் யந்திர உயவுக்கும் விளக்கெண்ணெய் ஏராளமாகச் செலவாயிற்று. கப்பலில் வரும் கொழுப்பை எதிர்நோக்கியிருந்த ஒரு தொழிலுக்கு நாட்டுச் செக்கு உணவளித்தது என்றே இதனைக் கருதவேண்டும். ஆயினும் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகத் தடித்துப் போவது விளக்கெண்ணெயின் குறை. பிசுக்கேறிய பெட்டிகளை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால், உயவே உயவுக்குத் தடையாகிவிடும்.

கனிம எண்ணெயும் பஞ்சுக் கழிவும்

பென்சில்வேனியாவில் 1859-ஆம் ஆண்டு டிரேக் தோண்டிய கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய்த் தொழில் வளர்ந்தபோது, விளக்குக்கு உதவாத தடித்த பகுதிகளை உயவுக்குப் பயன்படுத்தும் வழிகளும் வகுக்கப்பட்டன. கனிம எண்ணெய் பிசினாவதில்லை, விலையும் மலிவு. அத்துடன் அச்சுப்பெட்டியின் அமைப்பும் தலைகீழாயிற்று. மேலிருந்து இறங்கும் பசைக்குப் பதிலாக, பெட்டியின் அடியில் எண்ணெய் தேக்கி, நூற்பாலைகளின் பஞ்சுக் கழிவையோ கம்பளி நூலையோ அதில் ஊறவைத்து, அச்சுமுனையின் அடிப்புறத்தைத் தீண்டும்படி அடைத்துவைத்தனர். நூல் எண்ணெயை உறிஞ்சி மேலேற்ற, சுழலும் அச்சு அதனை எடுத்துச் சென்று தாங்கிக்கு அளித்தது.

தாங்கியும் திருந்தியது. அமெரிக்கராகிய ஐசக் பாபிட் 1839-இல் உரிமை பெற்ற, வெள்ளீயமும் அந்திமனியும் செம்பும் சேர்ந்த மென்மையான வெள்ளை உலோகத்தைப் பித்தளையின் உட்புறத்தில் பூசும் வழக்கம் பரவியது. அது அச்சின் வடிவத்துக்கேற்ப இணங்கிப் படியும். உள்ளே நுழைந்த மண் துகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு எஃகைக் கீறாமல் காக்கும்.

உண்மை விளங்கிய வரலாறு

எண்ணெய் எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்ற கேள்விக்கு, ரயில் வண்டிகள் ஓடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் விடை கிடைக்கவில்லை. லண்டனிலுள்ள யந்திரப் பொறியாளர் சங்கத்தின் பொருட்டுப் பீச்சாம்ப் டவர் என்பவர், ரயில் அச்சைப் போலவே மேற்புறம் மட்டும் தாங்கி கவிந்த நான்கங்குல அச்சு ஒன்றை எண்ணெயில் தோய்த்துச் சுழலவிட்டு ஆராய்ந்து, 1883-இல் முதல் அறிக்கையை வெளியிட்டார். எண்ணெய் ஊற்றுவதற்கென்று தாங்கியின் உச்சியில் துளைத்திருந்த துளையின் வழியாக எண்ணெய் மேலெழுந்து பொங்குவதைக் கண்டு, அதனை அவர் கட்டையால் அடைத்தார். கட்டை வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தினார்; சதுர அங்குலத்துக்குச் சராசரி 100 ராத்தல் பாரமே இருந்த இடத்தில், மானி தன் எல்லையாகிய 200 ராத்தலையும் கடந்தது.

இதனால் வெளிப்பட்ட உண்மை பெரிது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக் குறுகிய இடைவெளியில் ஆப்புப்போல் செலுத்துகிறது. அங்கே எழும் அழுத்தமே வண்டியை மிதக்கவைக்கிறது. அப்படியானால், அழுத்தம் மிகுந்த உச்சியிலே துளையிட்டு எண்ணெய் விடும் பழைய வழக்கம், எண்ணெய் தப்பிச் செல்ல வாயில் திறந்து வைப்பதே ஆகும். அடியிலிருந்து எண்ணெய் ஊட்டும் பெட்டியே சாஸ்திரத்துக்கு ஒத்தது என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. எனினும், எண்ணெயில் தோய்ந்த அச்சைவிட அடித்திண்டினால் நனையும் அச்சுக்கு உராய்வு ஆறு மடங்குக்குமேல் இருந்ததையும் டவர் அளந்து காட்டினார். அதே 1883-இல் ருஷ்யாவில் நிகொலாய் பெத்ரோவ், காக்கசஸ் கனிம எண்ணெயை ரயில் வண்டிகளுக்குப் பயன்படுத்துவதை ஆராய்கையில், எண்ணெயின் பாகுத்தன்மையே உராய்வை நிர்ணயிக்கிறது என்று நிறுவினார். ஆஸ்பர்ன் ரெயினால்ட்ஸ் 1886-இல் இவற்றுக்கெல்லாம் கணித அடிப்படை வகுத்தார். இன்று விசையாழி முதல் மோட்டார் எஞ்சின் வரை பயன்படும் உயவுச் சாஸ்திரத்தின் அடிப்படையில் ரயில் அச்சுக்கு இத்துணைப் பங்கு உண்டு.

சூடேறிய அச்சு

எண்ணெய்ப்படலம் அறுந்தால் நேர்வதை ரயில்வே ஊழியர் ‘ஹாட் ஆக்ஸில்’ என்பர். வறண்ட உலோகம் உராய்ந்து சூடேற, ஏறக்குறைய 240 பாகை செல்சியஸில் வெள்ளை உலோகம் உருகத் தொடங்குகிறது. பின் பித்தளை எஃகின்மீது நேராகத் தேய்கிறது. பஞ்சு தீப்பற்றிப் புகைகிறது. கடைசியில் அச்சுமுனை செந்நிறமாகக் காய்ந்து, பாரம் தாங்காமல் முறிந்து, வண்டி தடம் புரள்கிறது. எண்ணெய் குறைவு, பஞ்சு இடம் பெயர்தல், தாங்கி பொருந்தாமை, அதிக பாரம், தூசி என்று காரணங்கள் பல. ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் புகும் நீர், எண்ணெயைவிடக் கனமானதாதலால் அடியில் தங்கி, எண்ணெயை மேலே தூக்கி வெளியேற்றிவிடுவது ஒரு முக்கிய காரணம். பித்தளைக்கு விலை உண்டாதலால், யார்டுகளில் நின்ற வண்டிகளிலிருந்து தாங்கிகள் திருடுபோனதும் இந்திய ரயில்வேக்களுக்கு நெடுங்காலத் தொல்லையாக இருந்தது.

இவ்வபாயத்திலிருந்து பிரயாணிகளையும் சரக்கையும் காத்தவர்கள் ஆயில்மேன்களும், டி.எக்ஸ்.ஆர். எனப்படும் வண்டிப் பரிசோதகர்களும், கலாசிகளும் ஆவர். வண்டி நின்றதும் ஒவ்வோர் அச்சுப்பெட்டியின்மீதும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பதும், மூடியைத் திறந்து கொக்கியால் பஞ்சைக் கிளறி ஒழுங்குபடுத்துவதும், எண்ணெய் வார்ப்பதும், ஐயம் தோன்றிய வண்டியைச் ‘சிக்’ (நோயுற்றது) என்று குறித்து ரயிலிலிருந்து கழற்றிவிடுவதும் இவர்களுடைய நித்திய வேலையாக இருந்தது. குறித்த காலத்துக்கொருமுறை பழைய பஞ்சு அனைத்தையும் அகற்றிப் புதிது அடைத்து, தேதியையும் இடத்தையும் வண்டியின் பக்கத்தில் எழுதிவைப்பர். ஒரு சரக்கு ரயிலில் நூற்றுக்கணக்கான அச்சுப்பெட்டிகள் உண்டென்பதையும், அவற்றுள் ஒன்று தவறினாலும் ரயில் முழுவதும் நிற்கவேண்டும் என்பதையும் எண்ணிப்பார்த்தால், இத்தொழிலாளரின் கைத்திறனும் பொறுப்பும் சரித்திரத்தில் உரிய இடம் பெறவில்லை என்றே சொல்லவேண்டும்.

உருளைத் தாங்கிகள்

தாங்கிக்கும் அச்சுக்கும் இடையே எஃகு உருளைகளை வைத்து, சறுக்கலுக்குப் பதிலாக உருளலை ஏற்படுத்தும் யோசனை இருபதாம் நூற்றாண்டில்தான் ரயிலுக்குப் பரவலாகப் பயன்பட்டது. அமெரிக்காவில் டிம்கன் 1898-இல் கூம்பு உருளைத் தாங்கிக்கு உரிமை பெற்றார். ஸ்வீடனில் பால்ம்கிரென் 1919-இல் கோள உருளைத் தாங்கியை அமைத்தார். சாதாரணத் தாங்கியில் வண்டி நிற்கும்போது எண்ணெய்ப்படலம் பிதுங்கி விலகிவிடுவதால் புறப்படுவது கடினம். உருளைத் தாங்கியில் அக்குறை இல்லை. டிம்கன் கம்பெனியார் 1930-இல் உருளைத் தாங்கிகள் பொருத்திய எஞ்சினைச் சிலர் கையால் இழுத்தே நகர்த்திக் காட்டியது இதனை உலகுக்கு உணர்த்திற்று.

பெரம்பூரில் ஸ்விட்சர்லாந்து நாட்டு நிறுவனத்தின் உதவியோடு அமைந்து, 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பிரதமர் நேரு திறந்துவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, கோள உருளைத் தாங்கிகளை உடைய எஃகுப் பெட்டிகளை நாடெங்கும் பரப்பியது. கிரீஸ் அடைத்து மூடிய அவற்றின் அச்சுப்பெட்டிகளை நிலையந்தோறும் திறந்து எண்ணெய் வார்க்கவேண்டிய அவசியம் இல்லை; பணிமனைக்கு வரும்போது கழற்றி, கழுவி, சோதித்துப் புதுக் கிரீஸ் இட்டால் போதும். சரக்கு வண்டிகளிலும் 1980-களில் பெருகிய ‘பாக்ஸ்-என்’ வகையில், முழுவதும் மூடிய கூம்பு உருளைத் தாங்கிகள் இடம்பெற்றன. பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018-இல் நிறுத்தப்பட்டு, அவற்றின் இடத்தில் வந்த எல்.எச்.பி. என்னும் புதுவகைப் பெட்டிகளிலும் கூம்பு உருளைத் தாங்கிகளே உள்ளன.

இன்றைய நிலை

அம்பத்தூர், ஆவடி வழியாக ஓடும் மின்தொடர் வண்டிகளை ஆவடிப் பணிமனையில் பராமரிக்கிறார்கள். பஞ்சும் எண்ணெய்க் குவளையும் மறைந்துவிட்டன. உயவு என்பது வழிநெடுகக் கையால் ஊட்டவேண்டிய உணவாக இருந்த நிலை மாறி, தொழிற்சாலையிலேயே அளந்து அடைத்து மூடும் பொருளாகிவிட்டது. ஆனால் மூடிய தாங்கியும் தேய்வதுண்டு. அதன் கிரீஸும் காலப்போக்கில் கெடுவதுண்டு. உள்ளே நடப்பது வெளியே தெரியாததாகையால், கெட்டது தெரியவரும்போது காலம் கடந்திருக்கவும் கூடும். ஆகவே சூட்டை அளக்கும் கருவிகளைப் பாதையோரத்தில் பொருத்தி வருகின்றனர். ஓடிச்செல்லும் வண்டியை நிலைய ஊழியர் நின்று கவனித்து, புகையோ நாற்றமோ தோன்றினால் உடனே நிறுத்தச் செய்யவேண்டும் என்னும் விதியும் நீடித்து நிற்கிறது. புறங்கையால் சூடு பார்த்த பரம்பரையினர் பல தலைமுறைகளாகச் சேர்த்த அனுபவமே இவ்விரு ஏற்பாடுகளுக்கும் மூலமாகும்.